செலினியம் பிடிக்கும் பாக்டீரியா தூண்: சிவப்பு வந்த பிறகுதான் வேலை

செலினேட் (செலினியத்தின் நீரில் கரையும் வடிவம்) கலந்த தண்ணீரில் கொஞ்சம் சாண எரிவாயுக் கலனின் சேறும் சிட்டிகை சோடியம் அசிடேட்டும் போட்டுக் காற்றுப் புகாமல் மூடி வைத்தால், ஒரு வாரத்துக்குள் பாட்டில் செங்கல் நிறத்துக்கு வந்துவிடும். கரைந்திருந்த நஞ்சு கரையாத தூளாகிவிட்டது. இதுவரைக்கும் யார் செய்தாலும் வரும். தொடர்ந்து ஓடும் தண்ணீரில் இதையே செய்யும்போதுதான் இரண்டு இடங்களில் கால் இடறும். ஒன்று, செலினியத்துக்கு முன்னால் வரிசையில் நிற்கும் நைட்ரேட். இன்னொன்று, உண்டான சிவப்புத் தூள் தண்ணீரோடு சேர்ந்து வெளியே நழுவுவது. மேசை மேல் வைத்து ஓட்டக்கூடிய ஒரு சிறு தூணைக் கட்டி, ஓட்டி, அளப்பது எப்படி என்பதை இந்த இரண்டையும் மனத்தில் வைத்தே எழுதுகிறோம்.

வேதியியல் சுருக்கமாக. நீரில் செலினியம் பெரும்பாலும் செலினேட்டாகவோ செலினைட்டாகவோ கரைந்து கிடக்கும். காற்று இல்லாத இடத்தில் சில பாக்டீரியாக்கள் ஆக்சிஜனுக்குப் பதிலாகச் செலினேட்டைச் சுவாசிக்கும். செலினேட் செலினைட்டாகி, பிறகு தனிம செலினியமாக உதிரும். இதற்கு ஒரு அணுவுக்கு 6 எலக்ட்ரான் வேண்டும்; அதைத் தருவது பாக்டீரியாவின் உணவான அசிடேட். இப்படி எலக்ட்ரான் ஏற்று மாறுவதைத்தான் ஒடுக்கம் என்கிறோம். தௌவேரா செலினாட்டிஸ், சல்ஃபுரோஸ்பிரில்லம் பார்னெசியை, செலினேட்டை அல்லாமல் செலினைட்டைச் சுவாசிக்கும் பேசில்லஸ் செலினிட்டிரெடுசென்ஸ் என்று பெயர் பெற்ற இனங்கள் உண்டு. ஆனால் தூய வளர்ப்பை வாங்கித் தூணில் ஊற்றுவதில் பயன் இல்லை. கிருமி நீக்கம் செய்யாத தண்ணீர் ஓடத் தொடங்கியதும் வந்தேறிகள் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். கலப்புச் சேறே போதும், அதுவே நிலைக்கும்.

தூண்

உள்விட்டம் 5 செ.மீ., உயரம் 60 செ.மீ. உள்ள ஒளி ஊடுருவும் அக்ரிலிக் குழாய். அடியிலும் மேலும் ரப்பர் வளையத்தோடு திருகும் மூடி. அடியில் 3 செ.மீ.க்குக் கண்ணாடி மணி, அதன் மேல் 50 செ.மீ. உயரத்துக்கு 4 முதல் 6 மி.மீ. கூழாங்கல். படுகையின் கன அளவு 980 மி.லி. வரும். அதில் சுமார் 40 சதவீதம் வெற்றிடம் என்றால் தண்ணீர் நிற்கும் இடம் ஏறக்குறைய 390 மி.லி. இந்த எண்ணைக் கணக்கில் மட்டும் போட்டு விடாதீர்கள். கல்லை நிரப்பிய பின் அளவு உருளையிலிருந்து தண்ணீர் ஊற்றி நேராக அளந்துகொள்ளுங்கள். பின்னால் வரும் எல்லாக் கணக்கும் இதன் மேல்தான் நிற்கிறது. பக்கவாட்டில் 10, 20, 30, 40 செ.மீ. உயரங்களில் மாதிரி எடுக்கும் துளைகள், ஒவ்வொன்றிலும் ரப்பர் அடைப்பு. ஊசி போட்டு உறிஞ்சினால் காற்றுப் புகாது.

கல்லுக்குப் பதில் கிளர்வூட்டிய கரித்துகள் போடலாம். பெரிய ஆலைகளில் அதுதான் வழக்கம், பாக்டீரியா நன்றாகப் பற்றிக்கொள்ளும். ஆனால் கரி செலினைட்டைத் தானே கொஞ்சம் ஒட்டவைத்துக்கொள்ளும். முதல் இரண்டு வாரம் அருமையாக நீங்குவதுபோல் காட்டி, மூன்றாம் வாரம் கை விரித்துவிடும். முதல் தூணுக்குக் கல்தான் நேர்மையானது.

தண்ணீர் கீழிருந்து மேலே போக வேண்டும். 24 மணி நேரம் உள்ளே நிற்க வேண்டுமானால் ஓட்டம் நிமிடத்துக்கு 0.27 மி.லி. பெரிஸ்டால்டிக் பம்ப் (வளையும் குழாயை உருளையால் நசுக்கி நீரைத் தள்ளுவது) இதைத் தரும். குழாய் விஷயத்தில் கவனம் வேண்டும். சிலிக்கோன் குழாய் பார்க்க இறுக்கமாக இருந்தாலும் ஆக்சிஜனைத் தாராளமாக உள்ளே விடும். இவ்வளவு மெதுவான ஓட்டத்தில் ஒரு மீட்டர் சிலிக்கோன் குழாயே போதும், காற்று நீக்கிய தண்ணீரானாலும் மறுபடி காற்று ஏறி வந்து சேரும். பம்ப் தலைக்குள் மட்டும் ஒரு சாண் சிலிக்கோன், மற்ற இடமெல்லாம் தடித்த பி.வி.சி. குழாய்.

தூணைச் சுற்றி அலுமினியத் தாள். வெளிச்சம் பட்டால் பாசி படரும், பாசி ஆக்சிஜன் விடும். பார்க்க வேண்டியபோது கழற்றிப் பார்த்துவிட்டு உடனே சுற்றிவிடுங்கள்.

ஊட்டும் தண்ணீர்

ஒரு லிட்டருக்குச் செலினியம் 1 மி.கி., நைட்ரேட் நைட்ரஜன் (நைட்ரேட்டில் உள்ள நைட்ரஜனின் எடை மட்டும்) 20 மி.கி., சல்ஃபேட் 500 மி.கி. என்று வைத்துக்கொள்வோம். கலிஃபோர்னியாவின் கெஸ்டர்சன் நீர்த்தேக்கத்தில் 1983-ல் ஊனமுற்ற பறவைக் குஞ்சுகள் கண்டுபிடிக்கப்பட்டபோது, அங்கே வந்து சேர்ந்த வயல் வடிகால் நீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 300 மைக்ரோகிராம் செலினியம்தான் இருந்தது. ஆகவே 1 மி.கி. என்பது சிறிய எண் அல்ல.

செலினியம் மூலக்கரைசல்: 100 மி.லி. தண்ணீரில் நீரற்ற சோடியம் செலினேட் 0.239 கிராம். இது லிட்டருக்கு 1 கிராம் செலினியம். கையில் இருப்பது பத்து நீர் மூலக்கூறு சேர்ந்த உப்பு என்றால் 0.467 கிராம் வேண்டும். டப்பாவின் மேல் எழுதியிருப்பதைப் படிக்காமல் எடை போட்டுப் பாதி அளவில் ஓட்டி, "இவ்வளவு சீக்கிரம் நீங்குகிறதே" என்று மகிழ்வது அடிக்கடி நடக்கும் பிழை. எடை போடும்போது கையுறை, முகமூடி, புகைக்கூண்டு மூன்றும் கட்டாயம். இந்த உப்பு நல்ல நஞ்சு.

5 லிட்டர் தொட்டிக்கு மேற்படி மூலக்கரைசல் 5 மி.லி., சோடியம் நைட்ரேட் 0.61 கிராம், நீரற்ற சோடியம் சல்ஃபேட் 3.7 கிராம், சோடியம் பைகார்பனேட் 1 கிராம், பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் 22 மி.கி. இவற்றோடு சோடியம் மாலிப்டேட் 0.13 மி.கி.; இதை எடை போட முடியாது, நீர்த்த கரைசலிலிருந்து துளி அளவில் சேர்க்க வேண்டும். தௌவேராவின் செலினேட் ஒடுக்கும் நொதியின் நடுவில் மாலிப்டினம் உட்கார்ந்திருக்கிறது. சேறு நிறைய இருக்கும் நாட்களில் தேவை தெரியாது, சேறு கழுவிப்போன பின்தான் தெரியும். குழாய்த் தண்ணீர் பயன்படுத்தினால் குளோரினைத் தயோசல்ஃபேட் போட்டு முறித்துவிடுங்கள்.

அசிடேட்டைத் தொட்டியில் கலக்கவே கூடாது. கலந்தால் மூன்றாம் நாள் தொட்டிச் சுவரும் ஊட்டுக் குழாயும் வழவழப்பாகி, அசிடேட் தூணுக்குப் போகும் முன்பே தீர்ந்துவிடும். ஊட்டுக் குழாயில் இளஞ்சிவப்புக் கறை தெரிந்தால் இதுதான் நடக்கிறது என்று பொருள். தனிச் சிரிஞ்ச் பம்பில் வைத்து, தூணின் அடி மூடிக்குச் சற்று முன்னால் மூவழி இணைப்பில் சேருங்கள்.

எவ்வளவு அசிடேட்?

இந்தக் கணக்கு தவறினால் மற்றதெல்லாம் வீண்.

பாக்டீரியாவுக்கு எது அதிக ஆற்றல் தருமோ அதைத்தான் முதலில் எடுத்துக்கொள்ளும். முதலில் கரைந்த ஆக்சிஜன், அடுத்து நைட்ரேட், அதை ஒட்டியும் அதற்குப் பின்னாலும் செலினேட், கடைசியில் சல்ஃபேட். ஒவ்வொன்றையும் ஆக்சிஜன் சமானமாக (அதே அளவு எலக்ட்ரானை ஏற்கும் ஆக்சிஜனின் எடையாக) மாற்றிக் கூட்ட வேண்டும். ஆக்சிஜன் 1 மி.கி.க்கு 1. நைட்ரேட் நைட்ரஜன் 1 மி.கி.க்கு 2.86. செலினேட்டாக உள்ள செலினியம் 1 மி.கி.க்கு 0.61. நம் தண்ணீருக்குப் போட்டால்:

ஆக்சிஜன் 8 மி.கி. → 8
நைட்ரேட் நைட்ரஜன் 20 மி.கி. → 57.2
செலினியம் 1 மி.கி. → 0.6

மொத்தம் 65.8. இதில் செலினியத்தின் பங்கு நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. பெயர்ப்பலகையில் செலினியம் என்று எழுதியிருந்தாலும் நாம் கட்டுவது நைட்ரேட் நீக்கும் தூண்தான். செலினியம் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு வருகிறது.

அசிடேட் முழுவதும் எரியாது, ஒரு பகுதி பாக்டீரியாவின் உடம்பாகும். அதற்காக 1.7-ஆல் பெருக்கினால் 112. மூன்று நீர் மூலக்கூறு சேர்ந்த சோடியம் அசிடேட் ஒரு கிராம் 0.47 கிராம் ஆக்சிஜனுக்குச் சமம். ஆக, லிட்டருக்கு 240 மி.கி. சிரிஞ்ச் ஓட்டம் முதன்மை ஓட்டத்தில் ஐம்பதில் ஒரு பங்கு என்று வைத்தால், லிட்டருக்கு 12 கிராம் கரைசல், நாளுக்கு 7.8 மி.லி. 50 மி.லி. சிரிஞ்ச் ஆறு நாள் வரும். கரைசலை ஆட்டோகிளேவில் (உயர் அழுத்த நீராவிக் கலனில்) வேகவைத்து நிரப்புங்கள், இல்லையேல் சிரிஞ்சுக்குள்ளேயே பூஞ்சை கட்டும்.

கூடுதலாகப் போட்டால் பாதுகாப்பு என்று நினைக்க வேண்டாம். மிஞ்சியதைச் சல்ஃபேட் விழுங்கும். நம் தண்ணீரில் உள்ள 500 மி.கி. சல்ஃபேட்டுக்கு மட்டும் 333 மி.கி. ஆக்சிஜன் சமானத்தை விழுங்கும் வயிறு உண்டு. விளைவு அழுகிய முட்டை நாற்றம், கறுத்த கல், வெளிநீரில் சல்ஃபைடு.

முதலில் பாட்டில், பிறகு தூண்

சேறு செலினேட்டை ஒடுக்குமா என்பதைத் தூணில் போட்டுத் தெரிந்துகொள்ள வேண்டாம். 120 மி.லி. கண்ணாடிப் பாட்டிலில் 80 மி.லி. ஊட்டு நீர், அசிடேட், 5 மி.லி. சேறு. செலினியத்தை மட்டும் லிட்டருக்கு 10 மி.கி. ஆக ஏற்றுங்கள், நிறம் கண்ணுக்குத் தெரிய வேண்டுமே. நைட்ரஜன் வாயுவைப் பத்து நிமிடம் குமிழவிட்டு ரப்பர் அடைப்பால் மூடி, 25 முதல் 30 டிகிரியில் இருட்டில் வையுங்கள்.

கூடவே மூன்று ஒப்பீட்டுப் பாட்டில்கள்: அசிடேட் இல்லாதது, சேறு இல்லாதது, 121 டிகிரியில் 20 நிமிடம் வேகவைத்த சேறு உள்ளது. கடைசிப் பாட்டிலைத்தான் சோம்பலில் விட்டுவிடுவார்கள். சேற்றில் இருக்கும் சல்ஃபைடு, செலினைட்டோடு உயிரின் உதவி இல்லாமலே சேர்ந்து ஆரஞ்சு நிறம் காட்டும். செலினைட்டை வைத்துச் சோதிப்பவர்கள் பாக்டீரியாவின் வேலை என்று ஏமாறுவது இதில்தான். செலினேட் அவ்வளவு எளிதில் சல்ஃபைடோடு வினைபுரியாது, ஆகவே சோதனையைச் செலினேட்டில் செய்வது மேல்.

சிவந்த பாட்டிலிலிருந்து 5 மி.லி. எடுத்துப் புதிய பாட்டிலுக்கு மாற்றி, இப்படி மூன்று முறை செய்தால் சிவக்கும் நாட்கள் குறைந்துகொண்டே வரும். அந்த மூன்றாம் தலைமுறையையும், 1 மி.மீ. சல்லடையில் சலித்த புதுச் சேறு 60 மி.லி.யையும் சேர்த்துத் தூணில் ஊற்றுங்கள். நாலைந்து நாள் வெளிநீரையே திரும்ப அடியில் விட்டுச் சுழற்றுங்கள். பிறகு 24 மணி நேர ஓட்டம் இரண்டு வாரம். அடுத்து 12 மணி, அடுத்து 6 மணி. நைட்ரேட்டும் செலினியமும் தொடர்ந்து மூன்று அளவீடுகளில் அசையாமல் நின்றால்தான் அடுத்த படி.

தூணைப் பார்த்தே படிக்கலாம்

நன்றாக ஓடும் தூணின் தாளைக் கழற்றினால் பட்டைகள் தெரியும். அடியில் ஒரு விரல் அகலம் முதல் ஒரு சாண் வரை வெளிறிய சாம்பல் நிற வழவழப்பு, கல்லிடுக்கில் பொடிப் பொடியாகக் குமிழி. அது நைட்ரேட் தீரும் இடம். அதன் மேல் ஆரஞ்சு தொடங்கிச் செங்கல் நிறத்துக்குப் போகும் பட்டை. அதற்கும் மேல் நிறம் மங்கிப் பழைய கல் தெரியும். கறுப்புப் பட்டை மேலே தோன்றினால் சல்ஃபேட் ஒடுங்குகிறது. அது நாளுக்கு நாள் கீழே இறங்கினால் அசிடேட் அதிகம், பத்து சதவீதம் குறைக்கவும். சிவப்புப் பட்டை மேலே ஏறினால் அசிடேட் போதவில்லை, அல்லது உள்ளே வரும் நைட்ரேட் கூடிவிட்டது. பட்டையின் மேல் விளிம்பில் குழாயின் வெளிப்புறம் பேனாவால் தினம் ஒரு கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். விலை உயர்ந்த மீட்டர் சொல்லாததை அந்தக் கோடுகள் சொல்லும்.

ஒடுக்க ஆற்றல் மீட்டர் (நீர் எவ்வளவு ஒடுக்கும் நிலையில் இருக்கிறது என்று மில்லிவோல்ட்டில் காட்டுவது) வைத்தால் கழித்தல் 50 முதல் கழித்தல் 200 மில்லிவோல்ட் வரை இருக்கும் இடம் பொதுவாகச் சரி. ஆனால் மின்முனை மேல் படலம் படர்ந்தால் அது படலத்தைத்தான் அளக்கும். நைட்ரைட் சோதனைத் தாள் இன்னும் நம்பகமானது. வெளிநீரில் நைட்ரைட் தலைகாட்டினால் அசிடேட் குறைவு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்.

வாயுவைப் பற்றி ஒரு வார்த்தை. லிட்டருக்கு 20 மி.கி. நைட்ரேட் நைட்ரஜன் சுமார் 17 மி.லி. நைட்ரஜன் வாயுவாகும். காற்றோடு தொட்டுக்கொண்டிருந்த தண்ணீரில் ஏற்கெனவே நைட்ரஜன் நிறைந்திருப்பதால் இது கரைய இடமில்லை, குமிழியாகக் கல்லிடுக்கில் மாட்டிக்கொள்ளும். தண்ணீர் குமிழியைச் சுற்றி ஒரே ஓடையாக ஓடும், மற்ற கல் சும்மா இருக்கும். மூன்றாம் வாரம் நீக்கம் திடீரென்று சரிந்தால் பாக்டீரியாவைச் சந்தேகிக்கும் முன் இதைப் பாருங்கள். வாரம் இருமுறை தூணைக் கையால் தட்டி, ஒரு நிமிடம் ஓட்டத்தை இருபது மடங்கு ஏற்றினால் குமிழி வெளியேறும். அந்த ஒரு நிமிடத்தில் வரும் தண்ணீர் சிவந்திருக்கும். அதைத் தனியாகப் பிடித்து, அளந்து, கணக்கில் சேர்க்க வேண்டும்.

நைட்ரேட் நீங்கும்போது காரத்தன்மை ஏறும். கடின நீரில் பி.எச். 8.5-ஐத் தாண்டினால் சுண்ணாம்பு படிந்து கல்லெல்லாம் ஒட்டிக்கொள்ளும். தூணைத் திறந்தால் கான்கிரீட் போல ஒரே கட்டியாக வரும்.

அளப்பதில் உள்ள பொறிகள்

எளிய முறை: 1 மி.லி. மாதிரி, 4 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 0.5 மி.லி., 1 மோலார் அஸ்கார்பிக் அமிலம் 1 மி.லி. பத்து நிமிடத்தில் சிவப்பு, 500 நானோமீட்டரில் அளவு. பாட்டில் சோதனைக்கு இது உதவும். ஆனால் இது செலினைட்டை மட்டுமே பார்க்கும், அதுவும் மில்லிகிராம் அளவில். தூணில் எதுவுமே நடக்காமல் செலினேட் அப்படியே வெளியே வந்தாலும் இந்தச் சோதனை சுழியம் காட்டும். "முழு நீக்கம்" என்று எழுதி வைத்திருப்பார்கள்.

ஹைட்ரைடு வழி அணு உறிஞ்சல் கருவியும் நான்கு இணைதிறன் செலினியத்தையே, அதாவது செலினைட்டையே, பார்க்கும். செலினேட்டைப் பிடிக்க மாதிரியை 4 முதல் 6 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் 90 டிகிரிக்கு மேல் அரை மணி சூடாக்கிச் செலினைட்டாக்கி மறுபடி அளக்க வேண்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் செலினேட். வற்றவிட்டால் செலினியம் ஆவியாகிப் போகும், தளர்வாக மூடி வையுங்கள். நைட்ரைட் இருந்தால் அளவு குறைத்துக் காட்டும், சல்ஃபாமிக் அமிலம் சேர்த்து அதை அழித்துவிட்டுத் தொடங்குங்கள். சல்ஃபைடு நாற்றம் உள்ள மாதிரியில் அமிலம் ஊற்றுவது புகைக்கூண்டுக்குள் மட்டும்.

இதைவிடப் பெரிய பொறி வடிகட்டி. பாக்டீரியா செய்யும் செலினியம் பெரும்பாலும் 50 முதல் 500 நானோமீட்டர் உருண்டை. வழக்கமான 0.45 மைக்ரோமீட்டர் தாளில் பாதி நழுவிவிடும். நழுவியது "கரைந்த செலினியம்" என்ற பத்தியில் ஏறி, பாக்டீரியா வேலை செய்யவில்லை என்று காட்டும். ஒவ்வொரு முறையும் வடிகட்டாதது, 0.45 வழியாக வடித்தது, 0.1 வழியாக வடித்தது என்று மூன்று எண் எடுங்கள். வடிகட்டாததை நைட்ரிக் அமிலத்தில் செரித்துத்தான் அளக்க வேண்டும். முதல் எண்ணுக்கும் மூன்றாம் எண்ணுக்கும் இடைவெளி பெரிது என்றால், தூண் சரியாக இருக்கிறது, பின்னால் வரும் வடிப்பில்தான் குறை.

சிவப்பை நிறுத்துவது

இந்த உருண்டைகள் மேல் புரதம் போர்த்தி, எல்லாவற்றிலும் ஒரே எதிர்மறை மின்சுமை இருக்கும். ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நாள்கணக்கில் மிதக்கும், சும்மா வைத்தால் படியாது. ஃபெர்ரிக் குளோரைடு போட வேண்டும். ஆறு பீக்கரில் லிட்டருக்கு 10, 20, 30, 40, 60, 80 மி.கி. என்று போட்டு, ஒரு நிமிடம் வேகமாகவும் இருபது நிமிடம் மெதுவாகவும் கலக்கி, அரை மணி விட்டு மேல்நீரை அளந்து பாருங்கள். பி.எச். 6 முதல் 7 வரை. அப்போது மிஞ்சிய செலினைட்டையும் இரும்பு ஹைட்ராக்சைடு பற்றிக்கொள்ளும். செலினேட்டைப் பற்றாது, சல்ஃபேட் அந்த இடத்தைப் பிடித்திருக்கும். அதன்பின் நுண்மணல் வடிகட்டி. கடைசியில் காற்றூட்டல், ஏனென்றால் வெளிநீரில் ஆக்சிஜன் துளியும் இருக்காது.

இலக்கு எது என்பதை முன்பே தீர்மானியுங்கள். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2016-ல் நீர்வாழ் உயிர்களுக்காக வைத்த அளவு, ஓடும் நீரில் லிட்டருக்கு 3.1 மைக்ரோகிராம், தேங்கிய நீரில் 1.5. நம் 1 மி.கி. தண்ணீரில் 99 சதவீதம் நீக்கினாலும் 10 மைக்ரோகிராம் மீதி நிற்கும்.

மொத்த அளவு குறைந்தால் மட்டும் போதாது. மிஞ்சுவது செலினைட்டாகவோ கரிமச் செலினியமாகவோ இருந்தால், பாசியும் புழுவும் அதைச் செலினேட்டைவிடப் பல மடங்கு எளிதாக உடம்பில் சேர்த்துக்கொள்ளும். கனடாவின் எல்க் பள்ளத்தாக்கில் சுரங்க நீருக்கான உயிரியல் ஆலை ஒன்றில் இதனாலேயே பின்னாளில் ஓர் ஆக்சிஜனேற்றக் கட்டத்தைச் சேர்த்தார்கள். மிஞ்சியதைத் திரும்பச் செலினேட்டாக்கி விடுவதற்காக! கேட்க வேடிக்கையாக இருந்தாலும் கணக்கு சரிதான்.

கசடும் கணக்கும்

பூண்டு அல்லது அழுகிய முள்ளங்கி வாடை வந்தால் மெத்தில் செலினியம் ஆவியாகிறது. அறையைத் திறந்து, மேல் மூடியின் வாயுக் குழாயை நைட்ரிக் அமிலக் குப்பி வழியாக விடுங்கள்.

தூணைக் கிருமி நீக்க பிளீச் ஊற்றவே கூடாது. பிடித்து வைத்த சிவப்பு முழுவதையும் ஹைப்போகுளோரைட் திரும்பச் செலினேட்டாக்கி ஒரே மணி நேரத்தில் கையில் கொடுத்துவிடும். கசடைத் திறந்த தட்டில் காயவைப்பதும் அதே தவறின் மெதுவான வடிவம், காற்றில் கொஞ்சம் கொஞ்சமாகச் செலினைட்டாகிக் கரையும். ஈரத்தோடு, நிரம்பிய டப்பாவில், இறுக மூடி, நச்சுக் கழிவாக ஒப்படையுங்கள். அமெரிக்க விதியில் கசிவுச் சோதனையில் (கழிவிலிருந்து நீரில் கரைந்து வருவதை அளப்பது) லிட்டருக்கு 1 மி.கி. செலினியம் எட்டினாலே அது அபாயக் கழிவு. செலினியம் சத்துதானே என்று செடிக்குப் போட வேண்டாம்.

முடிக்கும்போது நிறைக் கணக்கு. 24 மணி ஓட்டத்தில் நாளுக்கு 0.39 மி.கி. என்றால் 30 நாளில் 11.7 மி.கி. உள்ளே போயிருக்கும். வெளிநீர், தட்டியபோது பிடித்தது, எடுத்த மாதிரிகள், அமிலக் குப்பி, குழாய்ச் சுவரைத் துடைத்த பஞ்சு, கடைசியாக 10 செ.மீ. துண்டுகளாகப் பிரித்தெடுத்து நைட்ரிக் அமிலத்தில் செரித்த கல், எல்லாவற்றையும் கூட்டுங்கள். 80 சதவீதத்துக்குக் கீழே நின்றால் முதலில் ஊட்டுக் குழாயை நீளவாட்டில் வெட்டிப் பாருங்கள். தொலைந்த சிவப்பு பெரும்பாலும் அங்கேதான் ஒட்டிக்கொண்டிருக்கும்.